ஏழாம் நம்பர் மலையும் ஒரு வலது காலும்

நாலு மாதம் நான் ராக்காயிக்குத் தப்பான இடத்தில் தைலம் தேய்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். தோட்டத்து மருத்துவச்சியாகக் காலம் தள்ளியவள், கைராசிக்காரி என்று பேரெடுத்தவள், இப்படியா ஆரம்பிப்பது என்று என் மகள்கூடக் கேட்டாள். கைராசியெல்லாம் பிள்ளை பிறந்த வீடுகளில். இது வேறு கதை.

போன மாதம் எனக்கே தொடைக்கு மேலே ஒரு பிடிப்பு. ஹட்டனில் ஒரு இளம் டொக்டரிடம் போனேன். "எங்கேம்மா வலிக்குது?" என்றார். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினேன். "இவ்வளவு சரியா யாரும் காட்டமாட்டாங்களே, எல்லாரும் பொதுவா இடுப்புன்னுதானே சொல்லுவாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்த அன்றே இதை எழுத உட்கார்ந்தேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் படித்தேன். ஒரு இடுப்பெலும்புக் கூட்டைக் கையில் கொடுத்து, அதன் வழியாகப் பிள்ளை எப்படித் திரும்பி, எப்படிக் குனிந்து வெளியே வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி மனப்பாடமாக்கினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

அங்கே எனக்கு மேலே, மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா. நல்ல மனிதர், ஆனால் சிரித்தால் சட்டையில் சுருக்கம் விழுந்துவிடும் என்று பயப்படுகிற ஜாதி. டிஸ்பென்சரியில் ஒரு ஜன்னல். அவர் உள்ளே, நோயாளிகள் வெளியே, கையில் போத்தலுடன் வரிசை. ஜன்னலுக்கு முன்னால் வந்து, பின்னால் நிற்கிற முழு வரிசைக்கும் கேட்கிற மாதிரி நோவைச் சொல்ல வேண்டும். தலைவலி சொல்லலாம், இருமல் சொல்லலாம், முழங்கால் சொல்லலாம். இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் அந்த ஜன்னலில் ஒரு பொம்பளைக்கு உடம்பே கிடையாது. அந்த இடைப்பட்ட பகுதியில் எங்கே நோவு வந்தாலும் அதன் பெயர் "இடுப்பு வலி"தான். ஐயா புத்தகத்தில் இடுப்பு நோவு என்று எழுதுவார், தைலம் தரச் சொல்லி என்னிடம் அனுப்புவார், நான் தேய்ப்பேன்.

ராக்காயி அப்படித்தான் வந்தாள். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறாம் வருஷ வாக்கில். ஏழாம் நம்பர் மலையில் அவளை மிஞ்சிக் கொழுந்து பறிக்க ஆள் கிடையாது. வாயும் அப்படி. புருஷன் செத்து இரண்டு வருஷம், இரண்டு பொம்பளைப் பிள்ளைகள், இரண்டும் என் கையில் பிறந்தவை. லயத்து வரிசை வீடுகளில் அவள் இருந்த காம்பரா, அந்த ஒற்றை அறை, அவள் பேருக்குத்தான் இருந்தது. தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தில் பேர் இருக்கிறவரைக்கும் காம்பரா, பேரை வெட்டினால் பிள்ளைகளோடு வெளியே. இதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"இடுப்பு வலிக்குதுங்கம்மா. கால் வழியா இறங்கி ஆடுசதை வரைக்கும் மின்னுதுங்க" என்றாள். நான் முதுகின் கீழே தேய்த்தேன். அது போதாதென்று வாராவாரம் பின்பக்கத்தில் சத்து ஊசி. ஆண் கை படக்கூடாதென்று பொம்பளைகளுக்கு நான்தான் ஊசி போடுவேன். ராக்காயி ஒவ்வொரு முறையும், "எடது பக்கம் போடுங்கம்மா, வலப்பக்கம் வேணாம்" என்று கெஞ்சுவாள். போன வாரம் இடது, இந்த வாரம் வலது என்பது நான் படித்த ஒழுங்கு. வலப்பக்கம் கையை ஊன்றியதுமே துள்ளுவாள். "அட்டை கடிக்க, முள் குத்த மலையேறுறவ, இந்த ஊசிக்குப் போய்ப் பயப்படுறியே" என்று கேலி செய்வேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். நோவின் மேலேயே நான் கையை ஊன்றிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை. இரண்டு பிள்ளையை என் கையில் பெற்றவள், எங்கே வலிக்கிறது என்று காட்ட என்னிடமே வெட்கப்பட்டாள். நானும் பொம்பளைதானே, ஒரு தரமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாலாவது மாதம் அவள் பாதி நாள் மலையில் நிற்க முடியாமல் இறங்கி வர ஆரம்பித்தாள். மலை வேலைக்குப் பொறுப்பான கண்டக்டர் ஐயா டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டார்.

"நோவா, பொய்ச்சாட்டா? ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடுங்க ஐயா. மாசக் கடைசிக்குள்ள மலையேறலைன்னா பேர வெட்டிருவேன்."

டிஸ்பென்சர் ஐயாவுக்கும் சந்தேகம்தான். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் பொய் என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. "பெரிய ஆஸ்பத்திரி டொக்டரிட்ட காட்டிட்டு வாங்க" என்று ஒரு கடிதம் எழுதித் தந்து என்னையும் துணைக்கு அனுப்பினார்.

கொழுந்து லொறியில் போனோம். வழி முழுக்க அவள் இடது பக்கத்தின் மேல் சாய்ந்து, வலது கையைப் பலகையில் ஊன்றித் தன்னைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தாள். லொறி குலுக்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வயதானவர், சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு நோயாளியையும் தொடும் முன் ஒரு வாளி சுடுதண்ணீரில் கையை வைத்து, உள்ளங்கையைத் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். அந்தக் குளிரில் ஐஸ் கை பட்டால் தசை இறுகிவிடும், இறுகின தசை உண்மை சொல்லாது என்பார். நான் அவருடைய மேசையருகே போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ராக்காயியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேர்ஸ், இந்தப் பிள்ளை வந்து கால் மணித்தியாலமாச்சு. இன்னும் வலப்பக்கம் வாங்கிலை படேல்லை. கண்டீரோ?"

கண்டேன், அவர் சொன்ன பிறகு. வலப்பக்கத்துக்கும் வாங்குக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி இருந்தது. நாலு மாதம் என் கண்ணில் படாததை அவர் கதிரையை விட்டு எழும்பாமலே பார்த்துவிட்டார். எனக்கு வெட்கமும் பிரமிப்பும் ஒன்றாக வந்தன.

"தங்கச்சி, எங்கை நோகுது? ஒரு விரலாலை தொட்டுக் காட்டும். கையாலை காட்டப்படாது, ஒரு விரல்."

ராக்காயி தலையைக் குனிந்துகொண்டாள். டொக்டர் வற்புறுத்தவில்லை. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிடச் சொன்னார். பிறகு அவர் செய்தது, அதற்கு முன்னும் பின்னும் நான் எங்கேயும் காணாதது. திரைக்கு வெளியே, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"இனி உம்முடைய கைதான் என்னுடைய கை" என்றார் என்னிடம்.

முதலில் அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, காலை நீட்டியபடியே தூக்கச் சொன்னார். பாதியளவு வந்ததும் வலித்தது, ஆனால் முதுகில் இல்லை. கால் பெருவிரலை என் கைக்கு எதிராகத் தூக்கச் சொன்னார், பலம் இருந்தது. ஊசி நுனியால் பாதத்தைத் தொட்டால் உணர்ச்சியும் இருந்தது. முழங்காலிலும் குதிக்கு மேலேயும் சுத்தியலால் தட்டினேன், இரண்டு காலும் ஒரே மாதிரி உதறின. "அப்ப முள்ளந்தண்டிலை குற்றமில்லை. இப்ப குப்புறப் படுக்கச் சொல்லும்" என்றார்.

"இடுப்புக்குக் கீழை, முதுகு முடியிற இடத்திலை ஒரு சின்னக் குழி தட்டுப்படும். அதிலை ஒரு விரலை வையும். தொடை எலும்பின்ரை தலைப்பு வெளிப்பக்கத்திலை முட்டும். அதிலை மற்ற விரல். ரெண்டுக்கும் நடுவிலை, கொஞ்சம் கீழை, பெருவிரலாலை மெல்ல அமத்தும்."

அமுக்கினேன். மேலே மெத்தென்ற சதை. அதற்கு அடியில், ஆழத்தில், கயிறு மாதிரி ஒன்று முறுகிக்கொண்டு கிடந்தது. ராக்காயி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அதாம்மா! அதேதாம்மா! ஆடுசதைக்கு ஓடிருச்சு!"

திரைக்கு வெளியே டொக்டர், "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னார். முழங்காலை மடக்கிப் பாதத்தை வெளியே சாய்க்கச் சொன்னார். தொடை உள்ளே திரும்பியதும் மறுபடி கத்தினாள். கடைசியாக, பிள்ளைப்பேற்றுக்குப் பார்ப்பது போல உள்பரிசோதனை செய்யச் சொன்னார். ஆனால் முன்னால் தேடக்கூடாது, வலது பக்கச் சுவரில், பின்னால், மேலே தேட வேண்டும் என்றார். அங்கேயும் அதே கயிறு, தொட்டதும் அதே துள்ளல். எத்தனையோ தாய்மாரை அந்த விரல்களால் பார்த்தவள் நான். ஒரு அங்குலம் பின்னால் இப்படி ஒன்று இருப்பது அந்த விரல்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது மேசையில் ஒரு இடுப்பெலும்புக் கூடு இருந்தது. நான் தூக்கத்திலும் பாடம் சொல்லுகிற அதே கூடு. டொக்டர் அதைத் திருப்பி வைத்தார். பின்பக்கம், இரண்டு ஓரத்திலும் இரண்டு பெரிய இடைவெளிகள். ஈரத் துணியைத் திரித்து, உள்ளேயிருந்து அந்த இடைவெளி வழியாக வெளியே இழுத்துத் தொடை எலும்பில் கட்டினார். "இது தசை. பேரிக்காய் மாதிரி, ஒரு பக்கம் பருத்து மற்றப் பக்கம் சிறுத்திருக்கும்." ஒரு றப்பர் குழாயை எடுத்து அந்தத் துணிக்கு அடியால் விட்டார். "இது காலுக்குப் போற பெரிய நரம்பு. உம்முடைய சுண்டுவிரலிலும் தடிப்பு. சில பேருக்குத் தசைக்கு நடுவாலையே போகும். தசை இறுகினால் என்ன நடக்கும்?" துணியை முறுக்கினார், குழாய் நசுங்கியது.

நான் வேதக்காரி, கிறிஸ்தவள். கோயிலில் முழந்தாளிடும்போது வருகிற மாதிரி ஒரு உணர்ச்சி அன்று அந்த மேசைக்கு முன்னால் எனக்கு வந்தது. பிள்ளை வருகிற வாசலைத்தான் அத்தனை வருஷமும் பார்த்திருந்தேன். அதே எலும்பின் பின்பக்கத்தில் இன்னொரு வாசலும், அதன் வழியாக இவ்வளவு பெரிய நரம்பும் போகிறதென்று யோசித்ததே இல்லை. உண்டாக்கினவனை நினைத்து மனசுக்குள் தோத்திரம் சொன்னேன்.

மரக்கச் செய்யும் மருந்தை டொக்டரே ஏற்றினார். அதற்கும் ஒரு துணியில் உள்ளங்கை அளவு ஓட்டை வெட்டி, அவளை முழுக்க மூடச் சொல்லி, என் விரல் வைத்த இடத்தில் நீண்ட ஊசியை மெல்ல மெல்ல இறக்கினார். காலில் மின்னினால் உடனே சொல்லும்படி அவளிடம் சொல்லி வைத்திருந்தார். ஒரு தரம் சொன்னாள், கொஞ்சம் பின்னால் இழுத்து வழி மாற்றினார். சிறிது நேரம் கழித்துக் காலைத் திருப்பினால் வலி இல்லை. ராக்காயி அழுதுவிட்டாள்.

"பெரிசாச் சந்தோசப்படாதையுங்கோ, மருந்தின்ரை வேகம் விட்டால் நோவு திரும்ப வரும்" என்றார். "ஆனால் இடம் பிடிபட்டிட்டுது. இனி அந்தத் தசையை இளக்க வேணும்." வலது பாதத்தை இடது முழங்காலின் மேல் போட்டுக்கொண்டு, இரண்டையும் நெஞ்சை நோக்கி இழுத்துப் பிடிக்கும் முறையைக் காட்டித் தந்தார். காலையும் மாலையும். உப்பு ஒத்தடம், சூடு ஆறும் முன் என் பெருவிரலால் அமுக்கிவிடுவது. நாலு வாரம் மலை கிடையாது, லேசான வேலை. இதையெல்லாம் தோட்டத்துக்கு ஒரு கடிதமாக எழுதி ஒட்டிக் கையில் தந்துவிட்டு, கதவு வரைக்கும் வந்து ஒரு கேள்வி கேட்டார்.

"நேர்ஸ், ஏன் வலப்பக்கம் மட்டும்? அதை நான் இங்கையிருந்து காணேலாது. நீர்தான் காணவேணும்."

இரண்டாவது தப்பை இங்கேதான் செய்தேன். அந்தக் கேள்வியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாமல் லொறியிலேயே விட்டுவிட்டேன். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு ராக்காயி நாலு வாரத்தில் நன்றாகத் தேறினாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மலைக்கு அனுப்பினேன். பதினைந்து நாளில் மறுபடி காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நாடகம் முடிஞ்சுச்சா? சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்றார் கண்டக்டர்.

அன்று ராக்காயி என் வீட்டு வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, எனக்கு வலிச்சா வலிச்சிட்டுப் போவுது. காம்பராவ விட்டா இந்த ரெண்டையும் நான் எங்க கொண்டுபோய் படுக்க வைக்கிறது?"

மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன். அந்த மலையின் ஒரு கோடியில், கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மரத்தடியில் மலைச்சாமி. குங்குமம் வைத்த ஒரு கல், அவ்வளவுதான். கங்காணி கற்பூரம் கொளுத்தி, "பொலியோ பொலி" என்று குரல் கொடுத்தார். பெண்கள் பதில் குரல் கொடுத்து, பாடிக்கொண்டே ஆளுக்கொரு தேயிலைச் செடி நிரையில் இறங்கினார்கள். நிரைகள் மலைக்குக் குறுக்கே ஓடுகின்றன. ராக்காயியின் நிரை கானை, மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை, ஒட்டியது, எல்லாவற்றிலும் சரிவானது. கெட்டிக்காரிக்குத்தான் அதைக் கொடுப்பார்கள்.

நான் கீழே நின்று பார்த்தேன். இடது கால் கானுக்குள், வலது கால் மேலே மேட்டில், முழங்கால் மடங்கி, பாதம் வெளியே திரும்பி. அப்படியே நின்று பறிக்கிறாள், ஒரு அடி நகர்கிறாள், மறுபடி அதே நிலை. நிரை முடிந்ததும் கூடையோடு பாதை வழியாக நடந்து வந்து கொழுந்து நிறுக்கிறாள். திரும்பவும் கல்லிடமிருந்தே அடுத்த நிரை. மலை எப்போதும் வலப்பக்கம். வலது கால் எப்போதும் மேலே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் காலை வைத்து நின்றேன். பெண்கள் சிரித்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, எனக்கு வலது பக்கம் ஆழத்தில் ஏதோ பிடித்தது. பக்கத்து நிரைக்காரியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஒனக்கும் இங்க வலிக்குமா?"

அவள் கங்காணி தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, "வலிக்காம? வலப்பக்கந்தாங்கம்மா" என்றாள். அவளுக்கு அடுத்தவளும் வலப்பக்கம். அதற்கடுத்தவளும். ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டதே இல்லை. அந்த நிரைகளில் நோவில்லாதவள் ஒருத்தி மட்டும், போன மாதம் கல்யாணமாகி வந்தவள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கூடையைச் சுமந்தபடி மலை முழுக்க அவர்கள் ஒரே காலை மேலே வைத்து நின்றார்கள். இதைச் சுமந்துகொண்டா பாட்டும் பாடினார்கள்?

டிஸ்பென்சரிக்கு ஓடினேன். புத்தகத்தைப் புரட்டி ஏழாம் நம்பர் மலைக்காரிகளின் பெயர்களை டிஸ்பென்சர் ஐயாவுக்குக் காட்டினேன். இடுப்பு நோவு, இடுப்பு நோவு, இடுப்பு நோவு. எல்லாம் அவர் கையெழுத்து. அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு கண்டக்டரிடம் வந்தார். "ஒரு மாசம் பொறுங்க. இது என் பொறுப்பு" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"எந்தப் பக்கமிருந்து பறிச்சா எனக்கென்ன? கங்காணியக் கேளுங்க" என்றார் கண்டக்டர்.

மறுநாள் காலை மலைச்சாமி மரத்தடியில் கங்காணி மசியவில்லை. ஒரு நாள் இந்தப் பக்கமிருந்தும் மறுநாள் அந்தப் பக்கமிருந்தும் பறிக்கலாமே என்று நான் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க வேதக்காரங்க, ஒங்களுக்குத் தெரியாதும்மா. மலை வலப்பக்கமா இருக்கணும், கோயில சுத்துற மாதிரி. சாமிகிட்டயிருந்துதான் தொடங்கணும். மாத்தினா ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்து நின்றார்கள். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அது அவர்கள் சாமி.

பின்னாலிருந்து ராக்காயி மரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கங்காணியாரே, கூடை எங்க இருக்கு?"

"முதுகுல."

"சாமி எங்க இருக்கு?"

"இந்தா, இங்க."

"அப்ப இத்தன வருஷமா சாமிக்கு முதுகத்தான காட்டிக்கிட்டுப் போயிருக்கோம்? அந்தக் கடைசியிலயிருந்து தொடங்குனா, மொகத்தக் காட்டிக்கிட்டு வருவோமுல்ல?"

கங்காணி கல்லைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார். அப்புறம் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு, பாதை வழியே மறு கோடிக்கு நடந்தார். அங்கேயிருந்து "பொலியோ பொலி" என்று அவர் குரல் வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகவில்லை. ராக்காயி காலையும் மாலையும் காலை மடக்கி இழுத்தாள், நான் ஒத்தடம் கொடுத்து அமுக்கினேன், சரிவு நிரையை வாரத்துக்கொருத்தியாக மாற்றிக்கொண்டார்கள். அதைக் கொடுக்கத்தான் அவளுக்கு மனசே இல்லை. மாதம் முடிந்த அன்று கண்டக்டர் மலைக்கு வந்தார், கையில் பேர்ப் புத்தகம். நானும் போயிருந்தேன். மறு கோடியிலிருந்து தொடங்கும் நாள் அது. பெண்கள் பனிக்குள்ளிருந்து சாமியைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்கள், முன்னால் ராக்காயி. வந்து கூடையை இறக்கினாள். கல்லுக்கு முன்னால், ஈர மண்ணில், இரண்டு பக்கமும் தரையில் படும்படி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையை எங்கேயும் ஊன்றவில்லை.

"இப்ப வலி எங்க?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கங்காணியும் கண்டக்டரும் நிற்கிறார்களே என்று கூடப் பார்க்காமல், ஒற்றை விரலால் அந்த இடத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டினாள். கண்டக்டர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, எந்தப் பேரையும் வெட்டாமல் புத்தகத்தை மூடினார்.

"இங்கதாம்மா இருந்துச்சு" என்றாள்.